மலை திருப்பிப் பாடிய பாரசீகப் பாட்டு

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், மாசி மாதம். தொப்பூர் கணவாய் அடிவாரத்தில் ஒரு சின்ன தர்காவில் சந்தனக்கூடு. நான் அப்போது தருமபுரியில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தர்காவில் ஒரு வழக்கம் உண்டு. வெயில் சாயும் நேரத்தில் பாடகர் மலையைப் பார்த்து நின்று, பாரசீகக் கவிதையின் ஓர் அடியைப் பாடுவார். மலை அதை எதிரொலித்தால்தான் அடுத்த அடி. இல்லையென்றால் பாட்டு அத்தோடு நின்றுவிடும், சந்தனக்கூடு ஊர்வலம் கிளம்பிவிடும்.

பாடகருக்கு ஏறக்குறைய என் வயதுதான். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பாடிய இடம் அது. முந்தைய வருடம் இவர் பாடியபோது மலை பதில் சொல்லவில்லை. இந்தத் தடவையும் சொல்லாவிட்டால் வேறு ஆள் என்று விழா நடத்துகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்று பார்த்து அவருக்குக் கடுமையான தொண்டைக்கட்டு.

“கவலைப்படாதீங்க பாய், நம்ம செட்டு மலையையே பேச வச்சுடும்” என்றேன். ஒலிபெருக்கிக் குழாயை மலைப்பக்கம் திருப்பி, லாரி பேட்டரியில் இணைத்து விசையைப் போட்டேன். ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. எதைத் திருகினாலும் அது அடங்கவில்லை.

“ஏனுங்கண்ணா, பொட்டிக்குள்ள வண்டு பூந்துக்கிச்சுங்களா?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“வண்டில்லப்பா, பாயோட தொண்டைதான் உள்ள மாட்டிக்கிச்சு!” என்றார் இன்னொருவர். ஒரே சிரிப்பு.

நான் விசையை அணைக்கப் போனேன். பாடகர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அணைக்காதீங்கண்ணா. ஒரே சுதியில நிக்குது பாருங்க. எனக்கு இதுவே போதும்.”

கண்ணை மூடி அந்த இரைச்சலோடு சேர்ந்து முனகிப் பார்த்தார். அவர் வழக்கமாக எடுக்கும் சுருதியைவிட அது நன்றாகக் கீழே இருந்தது. கட்டிய தொண்டைக்கு அதுதான் இதம். மைக்கை உதட்டருகே இழுத்து, கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல முதல் அடியைப் பாடி நிறுத்தினார்.

எல்லோரும் மலையைப் பார்த்தோம். ஓயாத அந்த இரைச்சலின் மேல் ஏறி, அவர் குரலிலேயே மலை திருப்பிப் பாடியது.

கூட்டத்தில் அநேகருக்குப் பாரசீகம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் கடைசி அடி வரை ஒருவரும் அசையவில்லை. மலையும் ஓர் அடியைக்கூட விடவில்லை. முடிந்ததும், முதலில் கேலி செய்தவரே முன்னால் வந்தார்.

“அடுத்த வருசமும் நீங்கதான் பாய். வர்றப்ப அந்த வண்டையும் கூட்டியாந்துடுங்க!”

விழா நடத்துகிறவர்களும் சிரித்தபடி தலையாட்டினார்கள்.

மின்கருவிகளின் ஓசையையே இசையாக்குகிறார்கள் என்று பின்னாளில் புத்தகங்களில் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. தொப்பூரில் முன்பே கேட்டாயிற்று. இன்றும் எங்காவது ஒலிபெருக்கி இரைந்தால் மற்றவர்கள் விசையைத் தேடுவார்கள், நான் மட்டும் அது எந்தச் சுருதி என்று காது கொடுத்துக் கேட்பேன்.