மேலுதட்டுக்கு எண்ணெய், கீழுதட்டுக்கு வெண்ணெய்

சென்ற மாதம் என் மகள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். வெளிநாட்டில் அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் தாயாருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். அவருக்கும் உதடுகள் வறண்டு வெடிக்கின்றனவாம்.

"அம்மாவுக்கு நான் அனுப்புன லிப் ஆயில் நல்லாருந்துச்சுல்லப்பா? அதையே அவங்களுக்கும் வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கேன். விலைதான் ரொம்ப. அந்த விலைக்கு அது தகுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் ஒரு சிறு குப்பி எண்ணெயைப் பற்றி யோசிக்க அவகாசம் கேட்டது அவளுக்கு விசித்திரமாக இருந்திருக்கலாம். ஆனால் எண்ணெயைப் பற்றிய பதில் எண்ணெயோடு நிற்கக்கூடியது அன்று.

என் மனைவியின் நோய் முற்றிய மாதங்களில் மகள் நிறைகர்ப்பிணியாக இருந்தாள். விமானம் ஏற மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. தாயின் அடக்க ஆராதனையை அவள் கைப்பேசித் திரையில் பார்த்தாள். கைக்குழந்தையோடு ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது கல்லறையின் மேல் சிமெண்டு பூசி முடித்திருந்தார்கள். வந்த மறுநாள் தாயின் அலமாரியை ஒதுங்க வைத்தபோது அந்தக் குப்பி அகப்பட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய படலத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

"அம்மா முழுசையும் போட்டுருக்காங்கப்பா" என்றாள். அதே சமயம் உள்ளே குழந்தை அழுதது. எழுந்து போனாள். பேச்சு அத்தோடு நின்றது. திரும்பிப் போகும்போது வெற்றுக் குப்பியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தன்னால் வர முடியாமற்போனாலும் தான் அனுப்பியது கடைசிச் சொட்டு வரை தாயின் உதட்டில் இருந்தது என்பதே அவள் கொண்டுபோன ஆறுதல். உறவினரிடமும் அதையே சொல்லிவந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு நான் முறையாகப் பதில் சொன்னால் அந்த ஆறுதல் நிற்காது.

நடந்தது வேறு.

மகள் அனுப்பிய பொதி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில், பெட்டிக்குள் பெட்டியாக மூன்றைத் திறந்த பிறகே குப்பி கிடைத்தது. கட்டைவிரல் நீளம், கனத்த கண்ணாடி, தேன் நிறத் திரவம். உட்பொருள்களின் பட்டியலைப் படித்தேன். பாலிமர் எனப்படும் நிறமற்ற, பிசுபிசுப்பான ஒரு பலபடிச் சேர்மம், ஆமணக்கெண்ணெய், வேறிரண்டு வித்தெண்ணெய்கள், இனிப்பு மணம், சிறிது நிறம். உதட்டுத் தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. ஈரம் ஆவியாகாமல் மேலே ஒரு மூடாக்குப் போடுவதே இத்தகைய பூச்சின் வேலை. ஆமணக்கெண்ணெய் தனியாகவே அதைச் செய்யும். மற்றவை பளபளப்புக்கும் மணத்துக்கும் கண்ணாடிக்கும் பெயருக்கும் ஆனவை. இதை மனைவியிடம் விளக்கினேன். விலையையும் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதம் வாங்கும் பாலைவிடச் சற்று அதிகம்.

"அம்புட்டா?" என்றாள். "இந்த விலைக்கு இத உதட்டுல வைக்கப்படாது. குடிச்சிரணும். உள்ள இருக்கதும் சரியாயிரும்."

படுக்கைக்கு அருகில் ஜெபத்துக்கென்று வைத்திருந்த சிறு மேசையில் குப்பியை வைத்தாள். வைத்த இடம் அது என்பதால்தான் பின்னர் நடந்தது நடந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் கொழுந்தியாள், சபைப் பெண்கள் நாலைந்து பேரோடு பஸ் ஏறி வந்து, தமக்கைக்காக ஜெபித்துவிட்டுப் போவாள். வரும்போது ஒரு தூக்குச்சட்டியில் தன் வீட்டு மாட்டுப்பாலில் எடுத்த வெண்ணெய் இருக்கும். அக்காளின் உதட்டுக்கு அதுதான் மருந்து என்பது அவள் முடிவு. மகள் எண்ணெய் அனுப்பியிருக்கிறாள் என்று மனைவி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை, தங்கை கேட்கவுமில்லை. அந்தச் சபையில் வெளிநாட்டிலிருந்து சிறு குப்பியில் எண்ணெய் வந்தால் அது எருசலேமுக்குப் போய்வந்த யாரிடமிருந்தோ வாங்கி, ஜெபித்து அனுப்பப்பட்ட எண்ணெயாகத்தான் இருக்கும். நோயாளியின் நெற்றியில் பூசுவார்கள். உதட்டுக்கென்று தனியாக ஓர் எண்ணெய் உண்டென்று அந்தப் பெண்களில் எவருக்கும் தோன்ற வழியில்லை.

கொழுந்தியாள் குப்பியைக் கையில் எடுத்து மூடியைத் திருகினாள். மூடியோடு ஒரு தண்டும், அதன் நுனியில் பஞ்சு போன்ற சிறு மெத்தையும் வெளியே வந்தன. அவள் முகத்தில் மரியாதை கூடியது.

"பாத்தியளா அத்தான், விரல் படக்கூடாதுன்னு குச்சி வேற வச்சிருக்கான். இங்க நாம ஆளாளுக்கு விரல விட்டு எண்ணெயவே அழுக்காக்கிருதோம்."

"அது வந்து" என்று தொடங்கினேன். மனைவி என்னைப் பார்த்தாள். பல ஆண்டுகளாக எனக்குப் பழக்கமான பார்வை அது. நிறுத்திக்கொண்டேன். கொழுந்தியாள் அந்தத் தண்டால் தமக்கையின் நெற்றியில் மெதுவாக, கோடு வளையாமல், ஒரு சிலுவை வரைந்தாள். எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஜெபம் முடிந்து எழும்போது, வயதில் மூத்த ஒரு பெண்மணி எழ முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எண்ணெயில செத்த எனக்கும் வையேன், முழங்கால்ல."

"நல்லாருக்கே. சுகமில்லாதவளுக்கு வந்த எண்ணெ. நீங்க முழங்காலுக்குக் கேக்கியளே?"

"அவளுக்காவ முட்டி போட்டு முட்டி போட்டுத்தானட்டி இந்தக் காலு போச்சு. பொறவு நான் யார்ட்ட கேக்க?"

வாதம் செல்லுபடியானது. முழங்காலுக்கு வைத்தார்கள். ஒருவருக்கு வைத்தபின் மற்றவர்கள் நெற்றியை நீட்டினார்கள். எனக்கும் வைத்தார்கள். அந்தச் சேர்மத்தின் இயல்பு, அது உலர்வதில்லை.

அவர்கள் தெருமுனையைக் கடக்கும் வரை மனைவி பேசாமல் படுத்திருந்தாள். நெற்றியில் சிலுவை பளபளத்தது; ஒரு முடி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: "அத்தன நெத்தியும் மின்னிக்கிட்டே பஸ்ஸ்டாண்டுக்குப் போகுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நோய் தெரிந்த நாள் முதல் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. உதடு இரண்டு இடங்களில் வெடித்து ரத்தம் வந்தது. சிரிப்பு நிற்கவில்லை.

"என்னைய ஏன் பேச விடல?" என்று துணியால் ஒற்றியபடி கேட்டேன்.

"அவளால வேற என்ன செய்ய முடியும்? பூசிட்டுப் போறா, விடுங்க. பிள்ளைட்ட இத நானே சொல்லுதேன். பேரப்புள்ளையத் தூக்கிட்டு வரட்டும், நேர்ல சொன்னாத்தான் நல்லாருக்கும்." சற்றுப் பொறுத்து, "எப்படியும் வந்திருச்சு, உதட்டுக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்றாள்.

அப்படித்தான் அந்த எண்ணெய் முதன்முதலாக அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த இடத்தைத் தொட்டது. அவள் கை நடுங்கும். ஆகவே நான் பூச வேண்டியிருந்தது. தூக்குச்சட்டியில் தங்கையின் வெண்ணெயும் இருந்தது.

"ரெண்டையும் சேத்துப் போட்டா எது வேல செஞ்சுச்சுன்னு தெரியாதுல்ல? நீங்க வாத்தியார்தான? மேல இது, கீழ அது. பாத்துச் சொல்லுங்க."

மேலுதட்டுக்கு மகளின் எண்ணெய், கீழுதட்டுக்குத் தங்கையின் வெண்ணெய் என்று ஏற்பாடாயிற்று. எண்ணெய்க்கு அதன் தண்டு; வெண்ணெய்க்குச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு. சோதனையின் குறைகள் எனக்குத் தெரிந்தே இருந்தன. இரண்டு உதடுகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. கீழுதடு விரைவில் காயும். அதைவிடப் பெரிய குறை, உதடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. பூசிய மறுநிமிடம் அவள் பேசத் தொடங்குவாள். பால்காரர், மாடியில் உலரும் துணி, கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பேருந்து நம் தெருவில் ஏன் திரும்புகிறது என்று எதையாவது பேசுவாள். மேலே பூசியது கீழே வந்துவிடும்.

"நீ செத்த நேரம் பேசாம இருந்தாத்தான் சோதனை" என்றேன்.

"அப்ப உங்க சோதனைய நான் போன பொறவு வச்சுக்கிடுங்க."

மாலைதோறும் விளக்கருகில் தலையைத் திருப்பிக் காட்டுவாள். நான் பார்த்து, மேலே இன்று பரவாயில்லை, கீழே ஓரத்தில் ஒரு கீறல் என்பேன். யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்பாள். அவள் தங்கையின் பக்கம் சாய்ந்திருந்தாள் என்பது என் ஐயம். வெண்ணெய் பூசும்போது நாக்கால் தொட்டு ருசி பார்ப்பாள். வெள்ளிக்கிழமைகளில் கொழுந்தியாள் வந்து குப்பியைத் திறந்து நெற்றிகளுக்குப் பூசுவாள். குப்பியில் மட்டம் இறங்கியது. ஒவ்வொரு முறையும் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, வாயையும் இறுக மூடிக்கொண்டு சிலுவையை வாங்கிக்கொள்வாள். அவர்கள் போனபின் பார்த்து, "இருக்கதே மேலுதட்டுக்குப் போதும்" என்பாள்.

பிறகு அவள் பேச்சு குறைந்தது. சோதனையின் நிபந்தனைகள் மேம்பட்டன. மேலே பூசியது மேலேயே நின்றது, கீழே பூசியது கீழேயே நின்றது. அந்த நாட்களில் நான் கண்டவற்றை நம்பலாம். வெண்ணெயை அடிக்கடி பூச வேண்டியிருந்தது; மதியத்துக்கு மேல் அதன் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் சற்று அதிக நேரம் நின்றது. தண்டின் நுனி மெத்தென்றிருந்ததால், துணி பட்டால் சுளிக்கும் முகம் அதற்குச் சுளிக்கவில்லை. இவற்றைத் தவிர உதடுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. சுத்தமான ஆமணக்கெண்ணெயும் மென்மையான பஞ்சும் இதே பயனைத் தந்திருக்கும். கடைசி வெள்ளிக்கிழமை, தமக்கையின் நிலையைக் கண்ட கொழுந்தியாள் மிச்சமிருந்ததையெல்லாம் வழித்து அவள் நெற்றியில் பூசிவிட்டாள். அதன் பின் வந்த நாட்களில் நனைத்த பேண்டேஜ் துணி மட்டுமே உதட்டைத் தொட்டது.

சென்ற மாதம் மகள் தொலைபேசியில் கேட்ட கேள்வியோடு நான் அதற்கடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வேறு காரியமாகத்தான் போனேன். கொழுந்தியாள் வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"அத்தான், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதிய. பிள்ளை அந்த எண்ணெ இன்னொரு குப்பி அனுப்புமா? அன்னைக்கு முழங்கால்ல வச்சோம்ல, அவிய இன்னும் அதத்தான் கேக்காவ. அதுக்குத்தான் வலி கேட்டுச்சாம்."

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். பேருந்தில் திரும்பும்போது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. மகளிடம் நேரில் சொல்வதற்கென்று என் மனைவி எடுத்து வைத்திருந்த ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. அது என்னுடையது அன்று.

ஞாயிறு மாலை நானே அழைத்தேன். எனக்குக் கதை சொல்ல வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். உட்பொருள்களிலிருந்து தொடங்கினேன். மேசை, தண்டு, சிலுவை, முழங்கால், தூக்குச்சட்டி எல்லாவற்றையும் சொன்னேன். குப்பியைக் காலி செய்தவர்கள் யார் என்பதையும், கடைசி நாட்களில் அதில் எண்ணெய் இருக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"அந்தக் குச்சியாலயா சித்தி சிலுவை போட்டாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. கோடு நேரா இருந்துச்சு."

மறுமுனையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

"அம்மா சிரிச்சாங்களா?"

"உதடு வெடிக்குற அளவுக்கு."

"எனக்கு எந்த உதடு?"

"மேலுதடு."

குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருக்கும் ஓசை கேட்டது. பிறகு, தோழியின் தாயாருக்கு ஒன்றும் சித்திக்கு ஒன்றும் வாங்கப் போவதாகச் சொன்னாள். சித்தியிடம் அது என்ன எண்ணெய் என்று நான் சொல்லிவிடக் கூடாதென்றாள். விலைக்குத் தகாது என்பதை நான் அப்போதும் சொன்னேன். தெரியும் என்றாள்.

"எந்தக் கலர்ப்பா வாங்கட்டும்? நெறைய இருக்கு."

பழைய தேன் நிறத்தையே வாங்கச் சொன்னேன். சிவப்புக் கலந்தது வேண்டாம். அதைப் பூசினால் உதடு வெடித்து ரத்தம் வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிய வேண்டும்.