வதாத் அக்காவும் வாயாடிக் கணினியும்

லெபனானில் எங்கள் திரிப்போலியில் ஒருவர் இறந்தால் முதலில் தெரிவது குடும்பத்துக்கு. அடுத்து வதாத் அக்காவுக்கு, மூன்றாவதாக எனக்கு. மணிக்கூண்டுக்குப் பின்சந்தில் அக்கா ஓர் அச்சுக்கடை வைத்திருந்தாள். மரண அறிவிப்பை அவள் அடித்துக் கொடுப்பாள், நான் பசை வாளியோடு போய்ச் சுவர் சுவராக ஒட்டுவேன். இருபத்து மூன்று வருடம் இப்படியே ஓடியது. காலையில் இறந்தவரை எங்கள் ஊரில் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிடுவோம். அதனால் உச்சிவேளைக்குள் தாள் சுவரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக்காரர்களுக்கே சேதி போகாது.

அந்தக் காலத்தில் அக்காவிடம் சாம்பல் நிறக் கணினி ஒன்று இருந்தது. பொத்தானை அமுக்கினால் கொஞ்சம் உறுமும், கொஞ்சம் யோசிக்கும், பச்சைப் புல்மேட்டுப் படம் ஒன்றைக் காட்டும். அதற்குப் பிறகு வாயைத் திறக்காது. அடித்ததை வைத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும். அந்த மரியாதையை இன்றைக்கு மனிதர்களிடம்கூடப் பார்க்க முடியவில்லை.

அடித்து முடித்ததும் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பெயரையும் சத்தமாக வாசிப்பாள். நான் ஏலக்காய் போட்ட காப்பியை உறிஞ்சியபடி கேட்பேன். உறவுகளில் முன்பே போய்ச் சேர்ந்தவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ வர வேண்டும், இருப்பவர் பெயருக்கு முன்னால் வரக் கூடாது. இதில் தப்பு விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அக்கா ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் யாருக்கு யார் சித்தப்பா, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அரசு மின்சாரம் இல்லாத நேரத்தில் தெருவுக்கு மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரன் ஒருநாள் மின்சாரத்தைத் தாறுமாறாக விட்டதில் அந்தப் பெட்டி புகைந்து போனது. அக்கா அன்று சாப்பிடவில்லை. நானும் காப்பி குடிக்கவில்லை, சொன்னால் சிரிப்பீர்கள்.

பெய்ரூட்டில் வேலை பார்க்கும் அவள் அக்காள் மகன் புதியது ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அது சரியான வாயாடி. திறந்ததும் காலை வணக்கம் சொல்லும். மழை வருமா வராதா என்று சொல்லும், கடைக்கு ஜன்னல் இல்லாத மாதிரி. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக்கொண்டிருப்பார், திரையின் ஓரத்தில் எவளோ நடிகையின் விவாகரத்துச் செய்தி ஓடும். சீட்டாட்டம், பாட்டு, கடைவீதி எல்லாம் கேட்காமலே உள்ளே இருந்தன. நீக்கினால் அடுத்த வாரம் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தன.

“வீட்டை வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கு அதீப்,” என்பாள் அக்கா என்னிடம். “சாவி மட்டும் என்கிட்ட இல்ல.”

ரம்ஸி ஸபாக் இறந்த அன்று காலை பத்து மணிக்கு அவர் மகன் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஓடினான். அக்கா பாதி அடித்திருப்பாள், திரை நீலமாகிவிட்டது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்க வேண்டாம் என்றது. அங்கே வீட்டில் இறந்த மனிதரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள், இதற்கு அந்த நேரத்தில் அலங்காரம் கேட்கிறது. முப்பது சதவீதத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. நான் அதைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அது கண் விழித்தபோது மணி பதினொன்றே முக்கால். உள்ளே எழுத்து உதவியாளர் என்று ஒரு புது ஆள் வந்திருந்தார். அக்கா மீதியை அடித்து முடித்ததும், எல்லாவற்றையும் சீர்செய்துவிட்டேன் என்று அவர் பச்சை எழுத்தில் பெருமைப்பட்டார். அக்கா கண்ணாடியை எடுத்தாள். வாசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, அச்சடி என்று அவசரப்படுத்தியது நான்தான். நாற்பத்தேழு தாளையும் ஓடி ஓடி ஒட்டினேன்.

தொழுகைக்கு முக்கால் மணி நேரம் இருந்தபோது கடை வாசலில் தடி ஊன்றியபடி ஒரு கிழவர் வந்து நின்றார். ரம்ஸியின் அண்ணன் ஷஃபீக். துறைமுகப் பக்கம் அல்மீனாவில் தனியாக இருப்பவர். தாய் யார் வீட்டில் கண்மூடியிருக்க வேண்டும் என்ற சண்டையில் தம்பியோடு பதினைந்து வருடமாகப் பேச்சில்லை. கையில் சுவரிலிருந்து கிழித்த தாள், பசை இன்னும் காயவில்லை. ‘அவருடைய அண்ணன், காலஞ்சென்ற ஷஃபீக்’ என்று அதில் இருந்தது. தாய், தகப்பன், மாமனார் என்று முன்னால் மூன்று பேர் காலஞ்சென்றவர்கள். வரிசை அழகாக இருக்கட்டும் என்று உதவியாளர் நான்காமவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

நான் பசை வாளியைக் கீழே வைத்தேன்.

“தம்பி போனதே இதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது,” என்றார் ஷஃபீக். “எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடல. சரி. ஆனா என்னையும் கொன்னு எழுதச் சொன்னானா அவன் மகன்? இப்படிப்பட்டவங்க வீட்டு ஜனாஸா அடக்கத்துல நான் எப்படிப் போய் நிப்பேன்?”

கணினியைக் கைகாட்டிவிட்டு அக்கா தப்பித்திருக்கலாம். நானானால் அதைத்தான் செய்திருப்பேன்.

“அவன் உங்க பேரையே குடுக்கல,” என்றாள் அக்கா. “நான்தான் சேர்த்தேன். கூடப் பொறந்தவர் பேர் இல்லாம என் கடையிலேருந்து ஒரு தாள் வெளிய போனதில்ல. முன்னாடி வந்த வார்த்தை இந்தச் சனியன் போட்டது. ஆனா வாசிக்காம அச்சடிச்சவ நான். தப்பு என்னுது.”

ஷஃபீக் அந்தத் தாளை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இவ்வளவு நாளாக ஊரில் தன் பெயரை யாராவது தம்பி பெயருக்குப் பக்கத்தில் வைப்பார்கள் என்று தான் நினைக்கவில்லை என்றார். தன் பெயரைக் கண்டால் அவன் வீட்டார் கோபப்படுவார்களே என்றும் கேட்டார். படட்டும் என்றாள் அக்கா.

அவள் இணைய வடத்தைப் பிடுங்கி எறிந்தாள். அந்தச் சொல்லை அழித்தாள். உதவியாளர் திரும்பவும் அதைப் போட்டார், திரும்பவும் அழித்தாள். நான்காவது தடவையில் உதவியாளர் ஓய்ந்தார். அச்சுப் பொறி முதல் தாளைத் துப்பியது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, சாம்பல் பெட்டி இருந்த காலத்தில் வாசித்த அதே குரலில் வாசிக்கத் தொடங்கினாள். தாய், தகப்பன், மாமனார். கேட்கக் கேட்க எனக்கு அந்தப் பழைய காலைகள் எல்லாம் நெஞ்சில் வந்து நின்றன.

“அவருடைய அண்ணன், ஷஃபீக்.”

“இருக்கேன்மா,” என்றார் நாற்காலியில் இருந்தவர்.

தடியை ஊன்றி எழுந்து, அந்தத் தாளை வாங்கிக்கொண்டு பள்ளிவாசலை நோக்கி நடந்தார். திருத்தி அச்சான மீதித் தாள்களை அள்ளிக்கொண்டு நான் பசை வாளியோடு அவர் பின்னால் போனேன்.