முதலாளி காரின் அரக்குச் சிவப்பு

எனக்கோ தம்பிக்கோ காய்ச்சல் என்றால் அப்பா கஷாயம் வைக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். முதலாளியின் காரில் ஒரு புள்ளி விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

முதலாளிக்கு மதுரையில் பஞ்சாலை. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த பங்களாவுக்குச் சீசன் மாதங்களில் மட்டும் வருவார். மலையில் ஓட்டுவதற்கென்றே ஓர் அரக்குச் சிவப்புக் காரை இங்கே விட்டுவைத்திருந்தார். அப்பா அதற்கு டிரைவர். கார் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறைதான் எங்கள் வீடு.

பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் அந்தச் சிவப்பு சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்துவிடும். அப்பா வெள்ளனே எழுந்து பனிநீரை ஒற்றி எடுப்பார். சோப்பைக் கிட்டே விடமாட்டார். அவ்வப்போது மெழுகு பூசி, பழைய மல் துணியால் துடைப்பார். கதவு ஓரங்களை எனக்கு விட்டுக்கொடுப்பார். துடைக்கத் துடைக்க வெள்ளைத் துணி சிவந்துகொண்டே வரும்.

“அழுத்தாத தாயி. இந்தப் பெயின்ட்டுக்கு மேல வேற பூச்சு கெடையாது. தேச்சா அதுவே கொஞ்சம் துணியோட வந்துரும்” என்பார்.

துணி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு வேலை செய்திருக்கிறோம் என்பது என் கணக்கு.

அந்த வருடம் சீசனுக்கு முன்பே முதலாளியின் மகன் காலேஜ் நண்பர்களோடு வந்தார். அப்பா கீழே சாமான் வாங்கப் போயிருந்த நாளில், தானே காரை எடுத்துக்கொண்டு வடகவுஞ்சிப் பக்கம் போனார். புதிதாகத் தார் ஊற்றிய ரோடு. பானெட் எல்லாம் தார்த் துளி. பயந்துபோய், பாத்திரம் விளக்கும் செங்கல் பொடியையும் தேங்காய் நாரையும் வைத்துத் தேய்த்துவிட்டார்.

அப்பா வந்து பானெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“அண்ணே, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்றார் முதலாளியின் மகன்.

“நான் பாத்துக்கிறேன் தம்பி.”

காம்பவுண்டு என்ற பசையை வைத்து மூன்று நாள் தேய்த்து அப்பா கீறல்களை எடுத்தார். பளபளப்பு திரும்பியது. ஆனால் பானெட்டின் நடுமேட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு தேய்ந்து, அடியில் இருந்த சாம்பல் பூச்சு தெரிந்தது.

முதலாளி வந்து இறங்கியதும் அதைத்தான் பார்த்தார்.

“என்னப்பா இது?”

“தேய்மானம்ங்க, முதலாளி.”

“நிறுத்தி வச்ச காருக்கு என்னய்யா தேய்மானம்? சம்பளம் வாங்கிட்டு என்ன சோலி பாத்த?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மகன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வேலை செய்யாமல் சும்மா இருந்துவிட்டார் என்று முதலாளி நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டகைக்குள் ஓடித் துணிகளை மொத்தமாக அள்ளிவந்தேன்.

“அப்பா தெனமும் தேய்ப்பாருங்க! பாருங்க, எம்புட்டுச் சிவப்பு வந்துருக்குன்னு!”

முதலாளி ஒரு துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“என் காரு பெயின்ட்டெல்லாம் இங்கல்ல கெடக்கு” என்றார். அப்புறம் அப்பாவிடம், “நாளைக்கு அறையக் காலி பண்ணிரு.”

அப்பா வாயைத் திறந்தார். மகன் பங்களாவுக்குள் போய்விட்டார். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸில் தம்பி அம்மாவின் மடியில் தூங்கினான். அம்மா அழுதுகொண்டே, “அந்தப் பையன் பேரச் சொன்னா நாக்கு வெந்துருமா?” என்று கேட்டாள்.

“சொன்னா மட்டும் நம்பிருவாகளா? அவரு மகனச் சொல்லி, எம் பேச்சு நிக்குமா?”

ஒட்டன்சத்திரத்தில் அப்பாவுக்குக் காய்கறி லாரியில் வேலை கிடைத்தது. வீட்டில் இருப்பதே அரிதாயிற்று. எனக்கு மட்டும் வருத்தமில்லை. எல்லோரும் வாயடைத்து நின்ற இடத்தில் அப்பாவுக்காகப் பேசியவள் நான் ஒருத்திதான் என்று பெரிய பெருமை. புதுப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த தோழிகளிடமெல்லாம் அதைச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் காதுபடவும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை. தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.