கூடுதல் சீட்டு

சீட்டுப் போட்டிக்கு நான் ஜட்ஜ் என்று சொன்னால், எருமப்பட்டியில் இருக்கும் என் மாமியார் இன்னும் ரம்மி என்றுதான் நினைக்கிறார். இது அந்தச் சீட்டு இல்லை. மந்திரவாதிகளும் மிருகங்களும் படமாக இருக்கும் சீட்டுகளைத் தேடிச் சேர்த்து, ஆளுக்கொரு கட்டு அமைத்து, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. சேலத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு போட்டி நடக்கும். முப்பது பேர் வந்தாலே அதிகம். விதிகளைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் அங்கே நான் ஒருத்திதான். ஆடுகிறவர்களில் என் கணவரும் ஒருவர். அங்கேதான் வந்தது வினை.

புருஷனுக்குப் பெண்டாட்டி தீர்ப்புச் சொல்வதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று நானே முந்திக்கொண்டு கறாராக இருந்தேன். மற்றவர்கள் தவறினால் தணிந்த குரலில் சொல்வேன். அவர் தவறினால் அடுத்த மேசைக்கும் கேட்கும். யார், என்ன பிழை, என்ன தண்டனை, என்ன காரணம் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். "ஏனுங்க ஜட்ஜம்மா, இன்னிக்காச்சும் கொஞ்சம் கருணை காட்டுங்க" என்று கேலி செய்வார். அங்கே சிரிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து சிரிப்பேன்.

போன வருடம் அவர் பெயர் நோட்டில் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு மாதம், ஒரு சீட்டு எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு எடுத்தார். அடுத்த மாதம், கலைக்கும்போது நாலைந்து சீட்டுகள் முகம் தெரியச் சிதறின. அதற்கடுத்த மாதம் மறுபடியும் இரண்டு. வேலை பார்க்கும் லாரி ஆபீஸ் நினைப்பிலேயே ஆடுகிறார் என்று எனக்கு எரிச்சல். "கவனமா ஆடறதுன்னா ஆடுங்க, இல்லீன்னா ஊட்ல இருங்க" என்று பஸ்ஸில் சொன்னேன்.

"உறை ஒட்டிக்குது கண்ணு" என்றார். சீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையைச் சொன்னார். புது உறை வாங்கிப் போட்டோம்.

கோயம்புத்தூர் பெரிய போட்டிக்கு இங்கிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஆறு வருடமாக அவர் ஏங்கிய இடம். கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார். ஆனால் அன்றைக்கே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தார், இரண்டும் கூடுதல் சீட்டு எடுத்ததற்கு. அதே பிழை மூன்றாம் முறை நடந்தால் ஆட்டம் தோல்வி. எதிரே ஆடிய கல்லூரிப் பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, அண்ணா மறுபடியும் ரெண்டு எடுத்துட்டாருங்க."

கூடுதல் சீட்டு எடுத்தவருக்குத்தான் லாபம். அதனால் தெரியாமல் நடந்ததா, ஏமாற்றா என்று தனியே கூப்பிட்டு விசாரிப்பது ஜட்ஜின் வேலை. மாடிப்படிக்கு அழைத்துப்போய், எட்டு வருடம் என்னோடு வாழ்ந்த மனிதரிடம் கேட்டேன்.

"தெரிஞ்சு எடுத்தீங்களா?"

வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "இல்லீங்க" என்றார். அந்த ஒரு முறைதான் அவர் சொன்ன 'ங்க'வில் கேலி இல்லை.

ஏமாற்று இல்லை, கவனக்குறைவு என்று எழுதி ஆட்டத்தைத் தோல்வியாக்கினேன். விதிப்படி சரி. இன்று கேட்டாலும் அதே தீர்ப்புதான். ஆனால் நேர்மையாக நடந்துகொண்ட பெருமையில் அன்று நான் நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தேன். நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், இரண்டு விரல்களைச் சேர்த்துத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். வயதானவர்களுக்கு வருவது, இவருக்கு முப்பத்தெட்டிலேயே வந்திருக்கிறது. முதலில் விரல்கள்தான் இறுகியிருக்கும் என்றார்.

"எப்ப இருந்துங்க இப்படி?" என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

அவர் யோசித்தார். போட்டி நோட்டு எப்போதும் என் பையில் கிடக்கும். எடுத்துத் தேதிகளை வரிசையாகப் படித்தேன். இரண்டு சீட்டு. சிதறல். இரண்டு சீட்டு. டாக்டர் எழுதிக்கொண்டே, "இவ்வளவு துல்லியமா யாரும் சொன்னதில்லைங்க" என்றார்.

"எங்க ஊட்டுக்காரி ஜட்ஜுங்க சார்" என்றார் அவர், பெருமையாக. "எதையும் உட மாட்டா."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தேதிக்கும் நேரே, காரணம் என்ற இடத்தில், கவனக்குறைவு என்று என் கையெழுத்தில் இருந்ததை மட்டும் நான் படிக்கவில்லை.