ஊட்டுக்கு ஒரு டிக்கெட்

திரைக்கதை எழுதுவதில் என்னைப் போல ஆமை வேறு யாருமில்லை. ஒரு காட்சியின் முதல் வரியை எழுதுவேன், அடிப்பேன், திரும்ப எழுதுவேன். மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிடும்போதும் அதே முதல் வரியில்தான் உட்கார்ந்திருப்பேன். மனைவிக்குக் கொல்லிமலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, ராசிபுரம் பக்கமிருந்து அவளோடு நானும் திண்ணனூர் நாடு என்ற மலையூருக்கு வந்து சேர்ந்தேன். மலைக்காற்று பட்டால் பேனா தானாக ஓடும் என்று ஒரு நப்பாசை. பேனா ஓடவில்லை, ஜலதோஷம்தான் பிடித்தது.

இந்த முறை ஆற அமர எழுத வழியில்லை. சென்னையில் ஓர் இளம் இயக்குநர், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர், கெடு வைத்துவிட்டார்.

"ஆடி முடியறதுக்குள்ள முழுசும் வேணும்ண்ணே. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

அதுவரை நான் எழுதிய எதுவும் படமானதில்லை. இதுவும் கைநழுவினால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பயமாகத்தான் இருந்தது. கதை என்னவோ எளியதுதான். புருஷனோடு சண்டை போட்டுக் கிளம்பிப் போகும் ஒரு பெண், ஊர் ஊராக அலைந்து, கடைசியில் வீடு திரும்புகிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். டீக்கடையில் யாராவது இதே கதையைக் கேட்டால், டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். கைக்கு வந்தால் மட்டும் ஏன் நொண்டுகிறது? நடுவில் எங்கே அடைத்துக்கொள்கிறது? இதைக் கண்டுபிடிக்கும் ஆசையில் கெடுவையே கொஞ்சம் மறந்தேன். செல்போனில் நாம் பேசப் பேச எழுத்தாக விழும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் சிக்னல் வராது. மரவள்ளிக் காட்டை ஒட்டிய ரோட்டில்தான் வரும். அதனால் நடந்துகொண்டே பேசினேன்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. நடக்கும்போது திரையைப் பார்த்தால் குழியில் கால் விடவேண்டியதுதான். பார்க்காததால் அடிக்க முடியவில்லை. அடிக்காததால் அடுத்த வரி வந்தது. எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதியதை உடனே பார்க்காமல் இருக்கத்தான் தெரியவில்லை. காட்சிகள் மளமளவென்று விழுந்தன. புருஷனாகக் கத்துவேன், அடுத்த வளைவில் பெண்டாட்டியாகக் குரல் மாற்றி அழுவேன். மிளகு போட்டிருக்கும் பக்கத்துக் காட்டுக்கார அம்மா இதைப் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கப் போன இடத்தில் என் மனைவியிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்.

"ஏனுங்க நர்சம்மா, உங்க ஊட்டுக்காரரு தனியாப் பேசிக்கிட்டுப் போறாருங்க. ஆம்பளக் கொரலு ஒண்ணு, பொம்பளக் கொரலு ஒண்ணு. மந்திரிச்சு ஒரு கயிறு கட்டி வுடுங்க சாமி."

மனைவி வந்து சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் நடையை நிறுத்தவில்லை. ஆடி முடிவதற்கு முன்பே கதை முடிந்தது. திரும்பப் படித்தால் திருத்த உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்து, படிக்காமலே அனுப்பினேன்.

மறுநாள் காலையில் நான் ரோட்டுக்கு வந்ததும் இயக்குநர் போன் செய்தார்.

"அண்ணே, பிச்சுட்டீங்க! கடைசியில அவ பஸ் ஏறுறா, கண்டக்டர் எங்கம்மான்னு கேக்கறான். வீட்டுக்குத்தான் போவான்னு எல்லாரும் நினைக்கிறப்ப, ஊட்டிக்குத்தானுங்கன்னு டிக்கெட் வாங்குறா பாருங்க! உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலண்ணே."

நானும்தான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம். கண்டக்டரிடம் அவள் "ஊட்டுக்குத்தானுங்க" என்பதாகத்தான் நான் சொன்னேன். செல்போனுக்குக் கொங்குத் தமிழ் விளங்காமல், வீட்டுக்குப் போகிறவளைக் கொண்டுபோய் ஊட்டியில் இறக்கிவிட்டது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

"ஆனா எதுக்கு ஊட்டிக்குப் போறான்னு ஒரு வரி வேணும்ண்ணே. அது மட்டும் சரியா உக்காந்துட்டா படம் நம்மளுது. நாளைக்குள்ள குடுங்க."

ரோட்டில் நடந்தேன். அங்கே ஒரு சித்தி இருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். டீத்தோட்டத்தில் வேலை என்றேன். ஒன்றும் ஒட்டவில்லை. திரையைப் பார்க்காமல்தான் பேசினேன், இருந்தும் பொய் பொய்யாகவே வந்தது. சாயங்காலம் தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுப்படியில் வெந்த மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஊட்டி வந்த விதத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதே. அவ எதுக்கு ஊட்டிக்குப் போவா? சொல்லு பாக்கலாம்."

அவள் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு வந்தேன்னு கேக்க அங்க ஆளில்லீங்கல்ல. அதுக்குத்தானுங்க."

அதை அப்படியே அனுப்பினேன். இயக்குநர் துள்ளிக் குதித்தார், படம் என் கைக்கு வந்தது. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று மனத்தைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக நான் பகல் முழுக்க நடந்தேன். அவளோ கிழங்கை உரித்தபடி, யோசிக்காமல் சொல்லிவிட்டாள். எத்தனை காலமாக அதை மனத்தில் வைத்திருந்தாளோ, கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.