கொத்தனார் வீட்டுக் குளவி

புருஷன் வீட்டை விட்டு ஒரு தையல் மிஷினோடு வந்து நின்றபோது தையற்காரிக்கு முப்பது வயது. கொத்தனாரான அண்ணன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தே நாளில் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் குளியலறையும் எழுப்பிக் கொடுத்தார். ஹாலோ பிளாக் சுவர். உள்ளே பொந்து, மேலே வழவழவென்று பூச்சு. பின்பக்கச் சந்துப் பக்கமாகக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஒரே கதவு, அது அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் திறக்கும்.

"சந்துப் பக்கம் ஒரு வாசல் வெச்சா, தைக்கக் கொடுக்க வர்றவங்களுக்குச் சுலபமா இருக்கும்ணே."

"தனியா இருக்கிறவளுக்கு ரெண்டு வாசல் எதுக்கு? ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

பேச்சு அத்தோடு முடிந்தது. பதினாறு வருஷமாக, ரவிக்கைத் துணியோடு வருகிற ஒவ்வொருத்தியும் கூடத்தில் செருப்பைக் கழற்றி, அண்ணியின் குறுக்கு விசாரணையில் தேறித்தான் உள்ளே வரவேண்டும். தையற்காரி கடைக்குப் போனாலும் அப்படித்தான். "எங்க கிளம்பிட்டே?" என்பார் அண்ணி. நூல்கண்டு வாங்க என்றால், "போன வாரந்தானே வாங்கினே?" என்பார்.

அண்ணனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சங்கடமே அதில்தான் இருந்தது. எந்தக் குறைக்கும் அவர் கையில் ஒரே மருந்து, சிமெண்ட். எலி வளையா, பூசு. பக்கத்து வீட்டான் எட்டிப் பார்க்கிறானா, மதிலை இரண்டு வரிசைக் கல் ஏற்று.

போன வருஷம் கொடியில் துணி உலர்த்தும்போது ஒரு குளவி அவள் கழுத்தில் கொட்டியது. பத்து நிமிஷத்தில் உதடு தடித்து, தொண்டை அடைத்து, பேச்சு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சை மீட்டார்கள். "உங்க உடம்புக்கு இது ஒத்துக்காது. அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்கும்னு நினைக்காதீங்க" என்ற டாக்டர், எப்போதும் கையோடு வைத்திருக்கச் சொல்லி ஓர் ஊசி மருந்தும் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இந்த வருஷம் குளவிகள் வீட்டுக்கே வந்தன. ஜன்னலுக்குப் பக்கத்தில் பழைய குழாயைப் பிடுங்கிய ஓட்டை ஒன்று கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. மஞ்சள் பட்டை போட்ட குளவிகள் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தன. தையற்காரி ஜன்னலைச் சாத்திவிட்டு, பூச்சி மருந்து அடிக்கும் ஆளுக்குப் போன் செய்தாள்.

"நாளான்னைக்கு விடியக்காலை வர்றேம்மா. குளிர்ல எல்லாம் கூட்டுக்குள்ள அடங்கியிருக்கும், அப்பத்தான் மருந்து போடணும். அதுவரைக்கும் புகை போடாதீங்க, தண்ணி அடிக்காதீங்க. முக்கியமா, ஓட்டையை அடைச்சிடாதீங்க."

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். அன்றைக்கு மத்தியானமே, அவள் ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருக்கையில், வெளியே பூச்சுக் கரண்டி சுவரில் உரசும் சத்தம் கேட்டது.

"அண்ணே! என்ன பண்றே?"

"ரெண்டு கரண்டி கலவை. முடிஞ்சுது. இதுக்குப் போய் ஒரு ஆளா?"

சாயங்காலம் முழுக்கச் சுவர் முனகியது. காதை வைத்தால் உள்ளே யாரோ காகிதத்தைக் கிழிப்பதுபோல் இருந்தது. "செத்துக்கிட்டிருக்கு, வேறென்ன" என்றார் அண்ணன்.

சாகவில்லை. ஹாலோ பிளாக்கின் பொந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஸ்விட்ச் பெட்டி வரை வந்து முடிகின்றன. அதைக் கட்டியவருக்கு அது தெரியாதா? தெரியும். பூசிய பிறகு உள்ளே இருப்பதை யார் நினைக்கிறார்கள்?

காலை ஏழு மணிக்கு அவள் பல் தேய்த்துவிட்டு வந்தபோது ட்யூப்லைட்டில் ஒரு குளவி நடந்துகொண்டிருந்தது. ஸ்விட்ச் பெட்டியின் விளிம்பிலிருந்து இரண்டாவது எட்டிப் பார்த்தது. பிறகு எண்ண நேரமில்லை. ஸ்விட்ச் பெட்டி கதவை ஒட்டி இருந்தது. கதவுக்கு ஆறடிதான், அந்த ஆறடி முழுக்கக் குளவி. போன் அந்தப் பக்கம் தையல் மிஷின் மேல் இருந்தது. அவள் பின்னோக்கி நடந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தாள்.

மூன்றடிக்கு நாலடி இடம். தலைக்கு மேலே வலையடித்த ஒரு சின்ன ஜன்னல். கவிழ்த்த வாளியில் ஏறி, அதன் வழியே சந்துப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

அண்ணன் ஓடிவந்தார், கையில் மண்ணெண்ணெய் டப்பா. பின்னால் அண்ணி.

"கதவைத் திறந்து வந்து கொளுத்திடறேன், நீ பயப்படாதே!"

"கதவைத் தொட்டே, நான் செத்தேன். என் ஊசியை எடு முதல்ல!"

"சாவி எங்கடி?" என்று அண்ணியிடம் பாய்ந்தார்.

"உங்க இடுப்புலதான் தொங்குது. என்னைக் கேட்டா?"

அண்ணி ஏணி போட்டு ஏறி, வலையின் ஓரத்தைக் கத்தரித்து ஊசியை உள்ளே போட்டார். கூடவே, "அழுகாதே, நான் இங்கயேதான் நிக்கறேன்" என்றார். தையற்காரி அழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ரீங்காரம் ஏறி ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு, ஊசியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பூச்சி மருந்துக்காரருக்குப் போன் போய், அவர் ஒன்பதரைக்கு வந்தார். ஈரம் காயாத சிமெண்டைப் பார்த்தார்.

"யாரு பூசினது?"

அண்ணி புருஷனின் கையைப் பார்த்தார்.

"வழியை அடைச்சா வேற வழி தேடுமில்ல? நான் உள்ள போய் ஸ்விட்ச் பெட்டியை டேப் போட்டு ஒட்டி, ஜன்னலைத் திறந்துவிடறேன். வெளிச்சத்தைப் பார்த்து அறையில இருக்கிறது போயிடும். அதுக்கப்புறம் இந்த ஓட்டையைத் திறக்கணும். யாருங்க உடைப்பீங்க? எனக்கு உளி பிடிக்கத் தெரியாது."

முகவலை போட்ட வெள்ளை உடுப்பு அவரிடம் இன்னொன்று இருந்தது. அதற்குள் கொத்தனார் புகுந்ததும், "பூசின கை உடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணி வீட்டுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டார். உளி விழ விழச் சுவர் சீறியது. பதினொரு மணிக்குப் பூச்சிக்காரர் தையற்காரியைத் தலையோடு கால் போர்வையால் சுற்றி, கூடம் வழியாகத் தெருவுக்குக் கொண்டுவந்து விட்டார். ஒரு கொட்டும் படவில்லை.

ஓட்டையில் மருந்துப் பொடி ஊதினார். பத்து நாள் போனது. பூச்சிக்காரர் மறுபடி வந்து, குளவி ஒன்றும் இல்லை என்று பார்த்து, காய்ந்த கூட்டைத் துண்டு துண்டாக இழுத்துப் போட்டார். "இப்ப அடைக்கலாம்."

அண்ணன் கலவையோடு தயாராக நின்றார்.

"பூசாதே" என்றாள் தையற்காரி. "அந்த இடத்துல வாசல் வை."

"மழை முடியட்டும், பாக்கலாம்."

"அடுத்த தெருவில ஒரு கொத்தனார் இருக்கார். சாயங்காலம் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"என் வீட்டுக்கு இன்னொரு கொத்தனாரா?"

"நான் கூப்பிட்டாச்சு."

அண்ணன் கலவையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கலவையைச் சந்தோரம் கொட்டிவிட்டு, மடித்த வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"அவன் நிலை வெச்சா கோணலா வெப்பான்" என்றார். "கதவு எந்தப் பக்கமா திறக்கணும்?"

"வெளியே தள்ளினா திறக்கணும். சாவி என்கிட்ட."