வாய்க்கால் ஓரத்து மனை

திருக்காட்டுப்பள்ளியில் இருந்த வயலை விற்றுவிட்டு, தலைநகரின் புறநகரில் வீடு கட்ட மனை பார்க்கப் போனேன். லேஅவுட்டில் எல்லோரும் ஒதுக்கிய கடைசி மனையைக் கேட்டு வாங்கினேன். அதை ஒட்டி ஒரு வாய்க்கால் போனது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தண்ணீர் முதலில் பாயும் வயலுக்குத்தான் மதிப்பு. "தலைமடை" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அது ஏரியின் உபரி நீர் வெளியேறும் வழி என்பது குடிவந்த முதல் ஐப்பசியில் தெரிந்தது. சமையலறையில் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

"ஏங்க, உங்க தலைமடை அடுப்பு வரைக்கும் வந்துருச்சு. நாத்து விட்டுடலாமா?" என்றாள். பிறகு சிரிக்காமல், "இன்னொரு மழைக்கு நான் இங்க இருக்கமாட்டேன்" என்றாள்.

வாய்க்காலைத் தூர்வாரினால் போதும். ஊரில் இதற்கு மதகு திறக்கும் லஸ்கரைப் போய்ப் பிடிப்போம். இங்கே பஞ்சாயத்தில் கேட்டால், ஏரித் தண்ணீர் பொதுப்பணித் துறையுடையது என்றார்கள். பொதுப்பணியில், அடைத்திருப்பது சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலம், நெடுஞ்சாலைத் துறைக்குப் போங்கள் என்றார்கள். நெடுஞ்சாலையில், மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தவர்களைக் கைகாட்டினார்கள். அங்கே இருந்தவர், "நாங்க வரைபடத்துக்குத்தான் பொறுப்பு சார், தண்ணிக்கு இல்ல" என்றார். ஒவ்வொன்றையும் தேதி, மனு எண்ணோடு டைரியில் எழுதினேன். ஒழுங்காக எழுதி வைத்தால் வேலை நடக்கும் என்று அப்போது நம்பினேன்.

அடுத்த ஆடிக்குள் எங்கள் பஞ்சாயத்தை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். இனி ஒரே அலுவலகம்தான் என்று சொல்லி மனைவியை இருக்கவைத்தேன். மண்டல அலுவலக எழுத்தர் என் கோப்பைப் பொறுமையாகப் புரட்டினார்.

"நல்லா வச்சிருக்கீங்க சார். எங்ககிட்டகூட இவ்வளவு இல்ல."

சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். எல்லைக்கோடு வாய்க்காலின் நடுவே போனது.

"இந்தக் கரை எங்களுது. அந்தக் கரை பக்கத்து மண்டலம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் எஸ்டிமேட் போடணும்."

"எப்ப சேருவீங்க?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும்."

அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. மனைவி சொன்னபடியே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பங்குனியில், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின்மேல் வெள்ளையடித்து வீட்டை விலைக்குச் சொன்னேன். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கொல்லைக் கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாய்க்கால் ஒட்டியே இருக்குங்களே. தண்ணிக் கஷ்டமே இருக்காது."

"இருக்காதுங்க" என்றேன்.

வீட்டுக் காகிதமெல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். மனுக்கள் இருந்த கோப்பைக் காலையிலேயே பரணில் ஏற்றியிருந்தேன்.